கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்?

வாதம், பித்தம், கபம் என உடலைப் பகுத்த நம் மருத்துவ மரபு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதை வாதத்தின் கணக்கில் சேர்த்துப் பக்கவாதம் என்றது. கிரேக்கர்கள் ‘அடித்து வீழ்த்தப்படுதல்’ என்னும் பொருளில் அபோப்ளெக்ஸி என்றார்கள். எங்கள் ஊரில் ‘கை கால் விழுந்துருச்சு’ என்பார்கள். இந்தப் பெயர்கள் எதிலும் மூளை இல்லை. சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருந்ததை 1658இல் எழுதினார்.

உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் பார்க்க மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1971இல் லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் சி.டி. ஸ்கேன் ஒரு பெண்ணுக்கு எடுக்கப்பட்டது. அவருக்கு இருந்தது மூளைக் கட்டி. ஆனால் பக்கவாதத்தில் நடந்திருப்பது அடைப்பா, கசிவா என்று உடனே பிரித்துச் சொல்லவும் அந்தக் கருவியே வழிசெய்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும்; சிகிச்சையோ நேரெதிர். அடைப்பு என்றால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பலன் உண்டு என்று 1995இல் ஓர் ஆய்வு நிறுவியது. 2008இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. அதனால்தான் ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்று மருத்துவர் முதலில் கேட்கிறார்.

நோயாளி ஆண் என்றால் மனைவி சொல்லிவிடுவாள்: ஆறு மணிக்குக் காபி குடித்தார், ஏழு மணிக்குப் பேப்பர் படித்தார். எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் படுப்பவளை யார் பார்த்திருப்பார்கள்?

என் அப்பத்தாவை அம்மா பார்த்திருந்தாள். 2011இல் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அப்பத்தாவால் வலக்கையால் கொசுவம் செருக முடியவில்லை, பேச்சும் குழறியது. “அத்தைக்குக் கை வேலை செய்யலைங்க” என்றாள் அம்மா. பித்தம் என்றார் அப்பா. பல்செட் சரியில்லை என்றார் சித்தப்பா. பத்து மணிக்குப் பார்த்த உள்ளூர் மருத்துவர், வயதான பெண்களுக்கு வரும் தலைசுற்றல் என்று மாத்திரை கொடுத்தார். மதுரைக்குப் போய்ச் சேரும்போது மாலை மூன்று மணி. ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது. “அஞ்சரைக்கு வாசல் தெளிச்சப்ப நல்லா இருந்தாங்க” என்று துல்லியமாகச் சொன்னாள் அம்மா. அந்த விடைக்கு அப்போது பயனில்லை. அப்பத்தாவின் வலக்கை பிறகு எழவே இல்லை.

இது எங்கள் குடும்பத்தோடு முடிகிற கதையல்ல. அமெரிக்க அவசரப் பிரிவுகளில் ஆண்களைவிடப் பெண்களின் பக்கவாதமே அதிகம் தவறவிடப்படுகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் நோயறிதல் வீட்டில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் கண்ணால் நடக்கிறது. அதை நோயறிதல் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? திடீரென்று இவற்றில் ஒன்று வந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். அறிகுறி தானாக மறைந்தாலும் போயே ஆகவேண்டும். காபி, சாறு, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது பித்தம் என்றால், அந்த வாக்குவாதத்தை ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.