அன்னி பெசன்ட்டும் சென்னைச் சாரணர் இயக்கமும்

அன்னி பெசன்ட் (1 அக்டோபர் 1847 – 20 செப்டம்பர் 1933): லண்டனில் பிறந்து அடையாற்றில் மறைந்தவர், 1907 முதல் இறுதிவரை பிரம்மஞான சபையின் தலைவர். ஹோம் ரூல் போராட்டத்தால் பெரிதும் அறியப்பட்ட இவரே, இந்தியப் பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர். பெசன்ட் நகர் என்று நாள்தோறும் சொல்லும் சென்னைவாசிகளில் பலருக்கு இந்தப் பணி தெரியாமலே போனது பெருங்குறை.

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-இல் பெங்களூரில் தொடங்கியது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம். சாரணர் பயிற்சி இந்தியச் சிறுவர்களைப் புரட்சிக்காரர்களாக்கிவிடுமோ என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, நீதிபதி விவியன் போஸ் போன்றோர் வடக்கிலும் நடுஇந்தியாவிலும் இந்தியர்களுக்கென்று தனி முயற்சிகளில் இறங்கினார்கள். சென்னையில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும். காசியில் பெசன்ட் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அருண்டேல்; பிற்காலத்தில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவியின் கணவர். இருவரும் சேர்ந்து அமைத்ததுதான் இந்தியச் சாரணர் சங்கம்.

ஆங்கிலேயச் சாரணரின் அகன்ற விளிம்புத் தொப்பி இந்தச் சங்கத்தில் இல்லை. அதற்குப் பதில் பையன்கள் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். முடிச்சுப் போடுதல், முதலுதவி, கூடாரம் அடித்தல், தினம் ஒரு நற்செயல் என்ற அடிப்படைப் பயிற்சிகளோ சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் வகுத்தவைதான். பயிற்சி பொது, தோற்றம் நம்முடையது என்ற இந்த ஏற்பாடு மிகச் சரியான முடிவு. தன் ஊர் உடுப்போடு அணிவகுக்கும் பையனிடம், இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

காலமோ கொந்தளிப்பானது. 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் பிறந்தது. 1917 ஜூனில் பென்ட்லண்ட் பிரபுவின் சென்னை அரசு பெசன்ட், அருண்டேல், பி. பி. வாடியா மூவரையும் காவலில் வைத்தது. உதகமண்டலத்தில் இருந்த அவர்கள் செப்டம்பரில் விடுதலையானார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குப் பெசன்ட் தலைமை தாங்கினார். அப்போது அவருக்கு வயது 70.

1921-இன் தொடக்கத்தில் பேடன் பவல் மனைவியுடன் இந்தியா வந்தார். சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்று சேர்ப்பதே பயணத்தின் முக்கிய நோக்கம். பெசன்ட்டின் சங்கம் அதற்கு இசைந்து, ஒன்றிணைந்த அமைப்பில் கலந்தது; அவர் இந்தியாவுக்கான கௌரவ ஆணையர் ஆனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அரசு காவலில் வைத்த ஒருவரை, வைஸ்ராயையே தலைமைச் சாரணராகக் கொண்ட இயக்கம் மேடையேற்றியது. இதைச் சமரசம் என்று குறைத்துப் பேசுவது நியாயமாகாது. இந்தியச் சிறுவன் சாரணனாகலாமா என்ற கேள்விக்கே அத்தோடு இடமில்லாமல் போனது. அலகாபாத்தில் 1918-இல் தோன்றிய சேவா சமிதி சாரணர் சங்கம் மட்டும் இணைய மறுத்துத் தனிவழி சென்றது.

பல நாடுகளில் இந்த இயக்கத்தின் தலைமை பட்டம் பெற்ற பிரபுக்களிடம் போனது. ஜப்பானில் 1922-இல் உருவான சாரணர் அமைப்புக்கு அரசியல் தலைவர் கோட்டோ ஷின்பெய் தலைவரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே இயக்கத்தை மீட்டெடுத்தவர்களில் மிஷிமா மிச்சிஹாரு பிரபு முக்கியமானவர். சென்னையில் அந்த இடத்தில் நின்றவர் பட்டமோ பரம்பரைச் செல்வமோ இல்லாத ஒரு மூதாட்டி. அதுவும் சிறுவர்களுக்கென்றே ஏற்பட்ட அமைப்பில்!

1932-இல் சாரணர் உலகின் உயரிய விருதுகளில் ஒன்றான வெள்ளி ஓநாய் விருது பெசன்ட்டுக்கு வழங்கப்பட்டது. மறுஆண்டு அடையாற்றில் காலமானார். அருண்டேல் 1934-இல் பிரம்மஞான சபையின் தலைவராகி, 1945-இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். பிரிந்து கிடந்த இந்தியச் சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தார்கள்.