களையா, கீரையா?

பண்ணைக்கீரைக்கு ஆண்டை வீட்டில் பேர் களை. சோளக்கொல்லையில், கடலைக்கொல்லையில் அதைப் பிடுங்கத்தான் நம் பெண்களுக்குக் கூலி. பிடுங்கியது மடியில் ஏறிச் சேரிக்கு வந்தால் கீரை. கணக்கில் எழுதாத கூலி அது.

1876-78 தாது வருஷப் பஞ்சம். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆணின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்று குறைத்தார். இது உடம்புக்குப் பத்தாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பவுண்டுக் கணக்கு அச்சில் இருக்கிறது. மடிக்கீரையின் கணக்கோ நம் கிழவிகள் வாயில்தான்.

அவர்கள் சொல்வது இது: கதிர் விடுறதுக்கு முன்னாடியே கொழுந்தாக் கிள்ளணும், முத்தினா கசக்கும். கழுவக் கூடாது, அழுகிடும். வேரை நறுக்கிட்டு ஈரச்சாக்குல சுத்தித் தண்ணிப்பானை ஓரமா வச்சா மறுநாள் வரைக்கும் தாங்கும். பருப்பு ஏது? பச்சமிளகா, துளி புளி, உப்பு போட்டு மண்சட்டியில வேகவச்சு மத்தால கடைஞ்சா களிக்கு அதுவே குழம்பு. (பருப்பு போட்டுக் கடைவது பின்னால் வந்த வசதி.)

இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். களையெடுப்புக் கூலியும் போச்சு, மடிக்கீரையும் போச்சு. மருந்துக்குத் தப்பி வரப்போரம் முளைத்ததைக் கிள்ளப் பெண்கள் பயப்படுகிறார்கள்.