லயன் வீட்டு முன்னறையும் தாமான் வீட்டு ஹாலும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கோலா பிலா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் இரண்டு வகை வீடுகளில் வாழ்ந்து பார்த்தவை. தாத்தா பாட்டி ரப்பர் பால் வெட்டிய காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் லயன் வீடு. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் வங்கிக் கடனில் வாங்கிய வீடு. கஷ்டம், வசதி என்ற கணக்கில் இரண்டையும் எடை போட்டால் தாமானே வெல்லும்; அதில் விவாதத்துக்கு இடமில்லை. இங்கே ஒப்பிடுவது வேறொன்றை. உட்காரும் பலகை, படுக்கும் மெத்தை, தொங்கும் திரை, தலையணை உறை, சாமி மேடை ஆகியவற்றை யார் திட்டமிட்டார்கள், யாருடைய அளவுக்குச் செய்தார்கள் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை.

வீடு யாருடையது

கோலா பிலா அன்று இன்னும் பெரிய மாவட்டம்; 1980இல் ஜெம்போல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை பஹாவ் பக்கத்துத் தோட்டங்களும் அதில்தான் அடங்கின. ரப்பர் காட்டுக்கு நடுவே, நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், முன்னால் அஞ்சடி என்ற தாழ்வாரம், பின்னால் அடுப்படி: இதுதான் லயன். இரு வீட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பு பல இடங்களில் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். சுண்ணாம்பு அடிப்பது நிர்வாகத்தின் வேலை, நிறமும் நிர்வாகத்தின் விருப்பம். சன்னலைப் பெரிதாக்கவோ சுவரை நகர்த்தவோ குடியிருப்பவருக்கு உரிமையில்லை. வேலை போனால் வீடும் போகும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்தப் பயம் நாடு முழுவதும் உண்மையாயிற்று. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான்.

சொந்த வீடு எப்படி இருக்கும் என்று காட்ட, கோலா பிலா மாவட்டத்திலேயே ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை நிற்கிறது. 1902க்கும் 1908க்கும் இடையில், 99 தூண்களோடு, ஆணியே அடிக்காமல் மலாய்த் தச்சர்கள் எழுப்பிய நான்கு அடுக்கு மாளிகை. அரண்மனையை விடுங்கள், சுற்றிலுமுள்ள மலாய்க் கிராம வீடுகளிலும் படிக்கட்டு, சன்னல், விளிம்புப் பலகை என்று மரத்தில் செதுக்கு வேலை உண்டு. நெகிரி செம்பிலானின் அடாட் பெர்ப்பாத்தே மரபில் குலச்சொத்தான நிலமும் வீடும் மகள் வழியில் இறங்குபவை. பேத்திக்குப் போகப்போகும் வீட்டில் செதுக்கி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. நாளை காலி செய்யச் சொன்னால் இறங்க வேண்டிய லயன் வீட்டில் யார் தூணைச் செதுக்குவார்கள்? தோட்டத்துப் பெண்கள் மடித்து எடுத்துப் போகக்கூடிய பொருளில் தங்கள் வீட்டை அமைத்தார்கள். அது துணி.

துணியில் போட்ட திட்டம்

ஒற்றை அறையைப் பழைய சேலை இரண்டாக்கியது. பகலில் ஒதுக்கிக் கட்டினால் முன்னறை. இரவில் இழுத்துவிட்டால் மகனும் மருமகளும் படுக்கும் இடம். உத்தரத்தில் தொங்கிய சேலைத் தூளி, குழந்தை வளர்ந்ததும் அவிழ்ந்து மறுபடி சேலையானது. மாவுச் சாக்கைத் துவைத்து வெளுத்துத் தலையணை உறை தைத்தார்கள். உள்ளே இலவம் பஞ்சு. கட்டிதட்டினால் பிரித்து வெயிலில் போட்டு, அடித்து, மறுபடி அடைத்தார்கள். தவணைப் பணத்தில் வாங்கிய சிங்கர் தையல் மெஷின் ஒரு வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் திரையும் உறையும் அங்கேதான் ஓடும். உறையின் மூலையில் பூவேலை, நடுவில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. வானொலிப் பெட்டிக்குக்கூடக் குரோஷா விரிப்பு உண்டு.

உட்கார அஞ்சடியில் ஒரு பெஞ்சு, பெரியவருக்கு ஒரு சாய்வு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பின்னாளில் இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் நரம்பு பின்னிய சாய்வு நாற்காலி வந்தது. நரம்பு அறுந்தால் வீட்டிலேயே மறுபடி பின்னலாம். ஒவ்வொரு பொருளும் இன்னாருக்கு, இந்த மூலைக்கு, இந்த வேலைக்கு என்று அளவெடுத்துச் செய்யப்பட்டது. உள்ளலங்காரம் என்ற பேச்சு அங்கே இருக்கவில்லை. ஆனால் இன்றைய வடிவமைப்பாளர் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த அறையில் பதில் இருந்தது.

இதை வைத்து லயன் வாழ்க்கைக்குப் பொன்முலாம் பூசக்கூடாது. சேலைத் திரை பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடை மாற்றத் தனி இடமில்லை. பள்ளிப் பிள்ளைக்கு மேசை போட இடமில்லை. மழைக்காலத்தில் இலவம் பஞ்சு ஈரம் குடித்து நாறும். அளவெடுத்துச் செய்ததற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, இல்லாமையும்தான்.

மூன்று, இரண்டு, ஒன்று

தாமான் வீடு இந்தக் குறைகளைத் தீர்த்தது. இருபது அடிக்கு எழுபது அடி மனை, மூன்று அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், பெயருக்குப் பத்திரம். சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், பிடித்த நிறம் பூசலாம். உரிமை வந்த அந்த நேரத்தில்தான் திட்டம் கைநழுவியது. சாவி கிடைத்த கையோடு தளவாடக் கடைக்குப் போய், ‘மூன்று, இரண்டு, ஒன்று’ செட்டைத் தவணையில் எடுத்து வருவது வழக்கமாகிவிட்டது. மூவர் அமரும் சோபா, இருவர் அமரும் சோபா, ஒற்றை நாற்காலி. ஹால் எத்தனை அடி என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹாலின் அகலம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். சோபாவின் ஆழம் 3 அடி, எதிர்ச்சுவரில் டிவி அலமாரி ஒன்றரை அடி. மீதி ஏழரை அடி. நடுவில் இரண்டடி டீப்பாய் போட்டால் இரு பக்கமும் இரண்டே முக்கால் அடி. இதுவரை சரி. இருவர் சோபாவைக் குறுக்கே போட்டதும் சமையலறைக்குப் போகிறவர் உடம்பை ஒடுக்கி நடக்க வேண்டும். ஒற்றை நாற்காலி வாசல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, துவைத்த துணி குவிக்கும் இடமாகிறது. தீபாவளிக்குச் சொந்தங்கள் வந்தால் இலை போட இடமில்லாமல் சோபாவைத் தூக்கி வெளியே வைக்கிறோம். லயன் அறை பத்துப் பேரைப் பந்தியில் உட்கார வைத்தது. அதைவிடப் பெரிய ஹால் ஆறு பேருக்கே திணறுகிறது.

உயரமும் பொருந்துவதில்லை. கடைச் சோபாக்களில் பல தாழ்வாகவும் ஆழமாகவும் இருக்கின்றன. இருபது வயதுக்காரர் சாய்ந்து கிடக்கலாம். மூட்டு தேய்ந்த பாட்டி கை கொடுக்காமல் எழ முடியாது. கடைசியில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் போகிறார்.

மரமும் நுரையும்

இந்த ஒப்பீட்டில் விசித்திரமான கண்ணி ஒன்று உண்டு. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தந்த பிறகு வெட்டப்படும். முன்பு அது விறகு. புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்தது. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்து, வண்டும் துளைக்கும் என்பதால் தச்சர்கள் தொடவில்லை. போரான் உப்பில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின், 1980களில் அதே மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பாயிற்று. ஜொகூரின் மூவார் அதன் பெரிய மையம். மெத்தைக்கும் தோட்டத்தோடு உறவு உண்டு. மலாயாவில் தோட்டங்கள் வைத்திருந்த டன்லப் நிறுவனம் 1929இல் இங்கிலாந்தில் ரப்பர் பாலை நுரைத்து மெத்தையாக்கும் முறையைக் கண்டுபிடித்தது. தாத்தா வெட்டிய பால் எங்கோ ஒரு சீமாட்டியின் மெத்தையாயிற்று. தாத்தா படுத்தது பாயில்.

இன்று நம் கடைச் சோபாக்களில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியூரித்தேன் நுரை. அது மட்டமானது என்று சொல்ல முடியாது. எந்த அடர்த்தி என்பதில்தான் தரம் இருக்கிறது, கடையில் வெளியே தெரியாததும் அதுவே. மேலே மின்னும் செயற்கைத் தோலிலும் இதே கதை. பாலியூரித்தேன் பூச்சுத் தோல் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தால் சிதைந்து, சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். தவணை முடியும் முன்பே உரிந்த சோபாவின் மேல் பழைய சேலையை விரித்து மூடும் வீடுகள் உண்டு. லயனில் அந்தச் சேலைக்கு ஒரு வேலை இருந்தது. இங்கே அது குறையை மறைக்கிறது.

குஷன் கடைக்குப் போகுமுன்

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: நம் அளவுக்குச் செய்துதரும் குஷன் கடை. பழைய சோபாவின் சட்டம் கெட்டியான மரமாக இருந்தால் நாடா, ஸ்பிரிங், நுரை, உறை எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாக்கித் தருவார்கள். அழுத்தினால் ஆடும் துகள்பலகைச் சட்டம் என்றால் அந்தச் செலவு வீண். நல்ல தைப்பவர் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

புதிதாகச் செய்வதென்றால் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிய நீள இருக்கை தாமான் ஹாலுக்கு நன்றாகப் பொருந்தும். திண்ணை போல ஓடும் அதன் அடியில் பாயும் தலையணையும் வைக்க அறை விடலாம். ஆழம் 20 முதல் 22 அங்குலம் போதும். மெத்தை வைத்தபின் உயரம் 18 அங்குலம் வந்தால் பெரியவர்கள் எழுவார்கள். உட்காரும் மெத்தைக்குக் கன மீட்டருக்கு 30 கிலோ அளவு அடர்த்தி கேளுங்கள். முதுகுக்கு 20 போதும். உறைக்கு ஜிப் வைக்கச் சொல்லுங்கள். கழற்றித் துவைக்க முடியாத உறை நம் ஊர் வியர்வைக்கு ஆகாது. ஹால் மேற்குப் பார்த்தது என்றால் கடும் நீலமும் சிவப்பும் வெளிறும். துண்டுத்துணி வாங்கி வந்து சன்னலோரம் தொங்கவிட்டுச் சோதியுங்கள். சாமி மேடைக்கு அருகில் தொங்குதிரை வேண்டாம். விளக்குக்கும் துணிக்கும் நடுவே கை நீட்டினாலும் எட்டாத தூரம் இருக்கட்டும்.

அளவெடுத்துச் செய்வது எல்லா வேளையிலும் மலிவாக முடியாது. கடைச் செட்டைவிடக் கூடுதலாகவும் ஆகலாம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும், தவணை வசதியும் இருக்காது. அப்படியானால் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. முதலில் நீள இருக்கை, அடுத்த தீபாவளிக்குத் திரை, அதன்பின் பாட்டிக்கு ஒரு நாற்காலி. லயன் வீடுகள் அப்படித்தான் நிறைந்தன.

தீர்ப்பு

வாழும் இடம் என்ற வகையில் தாமான் வீடு லயன் வீட்டைவிட எல்லா விதத்திலும் மேல். உள்ளே திட்டமிட்ட விதத்தில் லயன் வீட்டுப் பெண்கள் நம்மைவிட மேல். அவர்களிடம் உரிமை இல்லை, முறை இருந்தது; நம்மிடம் உரிமை இருக்கிறது, முறையைக் கடையில் விட்டுவிட்டோம். அதைத் திரும்ப எடுக்கப் பெரிய பணம் தேவையில்லை. அடுத்த முறை தளவாடக் கடையில் காலடி வைக்குமுன் ஒரு நாடாவால் ஹாலையும் வாசல் கதவையும் அளந்து எழுதுங்கள். வீட்டில் யார் யார், எங்கே, எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று அதன் கீழே குறியுங்கள். விலைப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.