தி ஃபேமிலி மேன் 2: ஈழத்தமிழர் சித்தரிப்பும் எதிர்வினையும்

தி ஃபேமிலி மேன் என்னும் இந்தித் தொடரின் இரண்டாம் பருவம் 2021 ஜூன் 4 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. ராஜ் நிடிமோரு, கிருஷ்ணா டி.கே. இணையர் உருவாக்கிய இத்தொடரில் மனோஜ் பாஜ்பாய் இந்திய உளவு அதிகாரியாகவும், சமந்தா ராஜி என்ற ஈழப் போராளியாகவும் நடித்தனர். ஒன்பது பகுதிகள். கதை பெரும்பாலும் சென்னையில் நடந்தாலும் அதன் வேர் வட இலங்கையின் போர்க்காலத்தில் இருக்கிறது. அதனால் வெளிவருவதற்கு முன்பே தமிழ்நாட்டிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பே அந்தப் போரின் கடைசிக் களம். இக்கட்டுரை அந்த நிலத்தை மனதில் வைத்து இத்தொடரையும் அதற்கு எழுந்த எதிர்வினையையும் விவரிக்கிறது.

கதை

தொடக்கத்தில் வட இலங்கையில் போராளிகளின் முகாம் ஒன்று வீழ்கிறது. தலைவர் பாஸ்கரன் (மைம் கோபி) தப்பி லண்டன் சேர்கிறார். அவருடைய தம்பி சென்னையில் பிடிபட்டுக் கொல்லப்பட, பழிவாங்கும் திட்டம் உருவாகிறது. சென்னைத் தொழிற்சாலையொன்றில் தலைகுனிந்து வேலை செய்யும் ராஜி, உண்மையில் விமானம் ஓட்டப் பயின்ற போராளி. இந்தியப் பிரதமரையும் இலங்கை ஜனாதிபதியையும் ஒரே இடத்தில் வைத்துத் தாக்க, பாகிஸ்தான் உளவுத்துறையைச் சேர்ந்த ஒருவரின் உதவியோடு சிறுவிமானம் ஒன்று தயாராகிறது. இயக்கத்தின் உண்மைப் பெயர் தொடரில் வருவதில்லை. ஆனால் சீருடையும், புலம்பெயர் அரசும், சிறுவிமானமும் யாரைச் சுட்டுகின்றன என்பது தமிழ்ப் பார்வையாளர் எவருக்கும் உடனே விளங்கும். விடுதலைப் புலிகளின் வான்பிரிவு 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா விமானத் தளத்தைத் தாக்கியதும், 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பை நோக்கி இரு சிறுவிமானங்கள் புறப்பட்டதும் ஊரறிந்த செய்திகள்.

முன்னோட்டம் வந்த வாரம்

தொடர் முதலில் 2021 பெப்ரவரியில் வெளிவருவதாக இருந்தது. வேறொரு தொடரை ஒட்டி இந்தியாவில் எழுந்த சர்ச்சைக்குப் பின் தள்ளிப்போடப்பட்டது. முன்னோட்டம் மே 19 அன்று வந்தது. நாளைத் தேர்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரிந்திருந்ததா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, ஈழத்தமிழருக்கு அது, போரின் இறுதியில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளின் மறுநாள்.

அந்த ஆண்டு வன்னியில் அந்த வாரம் எப்படி இருந்தது என்பதை அறியாமல் இந்த எதிர்வினையின் சூட்டை அளக்க முடியாது. ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டிருந்தது. மே 12 இரவு முள்ளிவாய்க்கால் மண்ணிலேயே இருந்த நினைவுத்தூபி சேதமாக்கப்பட்டது. அங்கு நிறுவக் கொண்டுவரப்பட்ட பெரிய நினைவுக்கல்லும் காணாமற் போயிற்று. கொரோனாக் கட்டுப்பாடுகளால் முல்லைத்தீவின் சில பகுதிகள் முடக்கப்பட்டிருந்தன. கூடி அழக்கூட வழியில்லாத நிலையில், போரின் இறுதி மாதங்களில் உயிர்காத்த கஞ்சியின் நினைவாகக் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக் குடித்தவர்கள் பலர். மறுநாள் கைபேசித் திரையில் பச்சைச் சீருடையில் ஒரு பெண்ணும், அவளைப் பாகிஸ்தானோடு முடிச்சுப்போடும் உரையாடலும் வந்தன. புண்ணில் உப்பிட்டது போலத்தான் இருந்திருக்கும்.

எதிர்ப்பு

அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் வைகோ, தொடரைத் தடைசெய்யக் கோரி அன்றைய ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். மே 24 அன்று தமிழ்நாடு அரசின் சார்பில் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜும் எழுதினார். நாம் தமிழர் கட்சியின் சீமான் எதிர்ப்புத் தெரிவித்தார். வெளியான பின் இயக்குநர் பாரதிராஜாவும் தடை கோரி அறிக்கை விட்டார். இவர்கள் சொன்னவற்றில் மையமானவை இரண்டு. ஒன்று, ஈழத்தமிழரைப் பயங்கரவாதிகளாகக் காட்டுவது. மற்றது, அவர்களைப் பாகிஸ்தான் உளவுத்துறையின் கூட்டாளிகளாகக் காட்டுவது. அப்படியொரு கூட்டுக்கு வரலாற்றில் இடமில்லை என்பது அவர்கள் வாதம்.

படைப்பாளிகள் அளித்த பதிலில், முன்னோட்டத்தின் சில காட்சிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம், குழுவில் தமிழர் பலர் இருக்கிறார்கள், தமிழர் உணர்வை அறிந்தே எழுதியிருக்கிறோம் என்றனர். தடை எதுவும் வரவில்லை.

வெளியான பின் பார்வை இரண்டாகப் பிரிந்தது. வட இந்தியப் பார்வையாளரிடம் தொடர் பெரும் வெற்றி. உதய் மகேஷ் நடித்த செல்லம் சார் பாத்திரம் ஒரே வாரத்தில் நாடெங்கும் கேலிப்படங்களாகப் பரவியது. இந்தித் தொடரொன்றில் சென்னை மனிதர்கள் தமிழிலேயே பேசியது பலருக்குப் பிடித்திருந்தது. சமந்தாவுக்கு அவ்வாண்டின் ஃபிலிம்ஃபேர் ஓடிடி விருது கிடைத்தது. ராஜிக்காகக் கண்கலங்கினோம் என்று எழுதியவர்கள் தமிழரல்லாதவரிலும் உண்டு. தமிழரில் ஒரு பகுதியினரோ, சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியிருந்ததைச் சுட்டிக்காட்டினர். ஈழத்துப் பெண் என்றால் கருமை பூச வேண்டும் என்று யார் சொன்னது என்ற அந்தக் கேள்வி நியாயமானது.

ராஜி

எதிர்ப்பாளரும் ஆதரவாளரும் அதிகம் பேசிய பாத்திரம் இதுவே. இக்கட்டுரையும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தந்தையையும் தம்பியையும் இழந்து, படையினரின் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன் பின் இயக்கத்தில் சேர்ந்தவளாக ராஜி காட்டப்படுகிறாள். பேருந்தில் தன்னைத் தொடுகிறவனைப் பொறுத்துப் பொறுத்துப் போகும் அவள் முகம் நன்றாகவே நடிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கடந்தகாலம் சில நொடி நினைவாக வந்து, அவள் ஏன் கொல்கிறாள் என்பதற்குக் காரணம் சொல்லிவிட்டு மறைகிறது.

வன்னிக்கு அது கதைக்கான காரணம் அல்ல, முடியாத வழக்கு. விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த இசைப்பிரியா 2009 மே மாதத்தில் கொல்லப்பட்டார். பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பிய காட்சிகளில் அவருடைய உடல் அடையாளம் காணப்பட்டது. 2013 இல் வந்த இன்னொரு காட்சியில் அவர் படையினரிடம் உயிரோடு இருந்தார். அவருடைய வாழ்க்கையை ஒட்டித் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட போர்க்களத்தில் ஒரு பூ என்ற படத்துக்கு 2015 இல் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. கற்பனைப் பெண்ணைக் கொலையாளியாகக் காட்டுவதற்குத் திறந்த கதவு, உண்மைப் பெண் கொல்லப்பட்டதைச் சொல்ல வந்த படத்துக்கு மூடியிருந்தது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுத் தொடரின் துணிச்சலைப் புகழ முடியாது.

சமந்தா வெளியீட்டையொட்டி எழுதிய குறிப்பு இதனால் கவனத்துக்குரியது. பாத்திரத்துக்காக ஈழப் பெண்களின் துயரம் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்ததாகவும், அவற்றைச் சில ஆயிரம் பேர் மட்டுமே பார்த்திருந்தது தன்னை உலுக்கியதாகவும், பல்லாயிரக்கணக்கான உயிர்கள் போனபோது உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அப்போதுதான் உணர்ந்ததாகவும் அவர் கூறினார். மனம் புண்பட்டவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார். இந்தச் சர்ச்சையில் ஒலித்த சொற்களுள் வன்னிக்கு மிக அருகே வந்தவை இவைதாம் என்பது என் எண்ணம்.

பேச்சு

ஈழத்தமிழர் எவரும் இந்தியத் திரைப்படத்தில் தங்கள் பாத்திரம் வாய்திறந்ததும் முதலில் கவனிப்பது பேச்சைத்தான். 2000 இல் தெனாலி வந்த காலத்திலிருந்தே இது தொடர்கிறது. ‘கதைக்கிறது’, ‘விளங்குதோ’, ‘பெடியள்’ போன்ற சொற்களைத் தூவிவிட்டால் ஈழத்தமிழாகிவிடாது. சொல்லின் இழுப்பும் முடிப்பும் ஊருக்கு ஊர் மாறும். வன்னியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து 1995 இல் இடம்பெயர்ந்தவர்கள், பல தலைமுறையாகக் குளத்தையும் வயலையும் காத்தவர்கள் என எல்லோருடைய நாவும் கலந்திருக்கிறது. தொடரின் போராளிகளிடம் அந்த ஊர்கள் எதுவும் கேட்பதில்லை. அவர்களுக்குக் காடு இருக்கிறது, ஊர் இல்லை.

திரையில் வன்னி

இது இத்தொடருக்கு மட்டுமே உரிய குறை அல்ல. 2002 இல் வந்த மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் மாங்குளத்தைப் பெயர்சொல்லிக் காட்டியது. படப்பிடிப்பு நடந்தது இந்தியாவில். போரைத் தொட்ட வேறு படங்கள் திரையில் நிலைக்கவே இல்லை. 2013 இல் மெட்ராஸ் கஃபே தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. 2014 இல் சந்தோஷ் சிவனின் இனம் வெளியான சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. 2018 இல் ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படம் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. இயக்கங்களுக்குள் நடந்த வன்முறையை அது பேசியிருந்தது. தமிழர் தம் கடந்தகாலத்தின் இருண்ட பக்கத்தைத் தாமே பார்ப்பதும் எளிதாயில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகளை விடுதலைப் புலிகள் கட்டாயமாகப் படையில் சேர்த்த காலத்தை வன்னித் தாய்மார் மறக்கவில்லை.

அதே தாய்மாரில் பலர் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தனர். ஃபேமிலி மேன் 2 வெளியான நாளில் அந்தப் போராட்டம் 1,500 நாள்களைத் தாண்டியிருந்தது. தொடரைப் பற்றிய விவாதங்களில் அவர்களிடம் கருத்துக் கேட்டவர் அரிது.

வன்னிக்குச் சொந்தத் திரையும் இருந்தது. போர்நிறுத்தக் காலத்தில் கிளிநொச்சியிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பானது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு குறும்படங்களை எடுத்தது. அவை இயக்கத்தின் பரப்புரைக்காகவே எடுக்கப்பட்டவை, எனினும் அவற்றில் ஊர் ஊராக இருந்தது. 2006 இல் ஜான் மகேந்திரன் இயக்கிய ஆணிவேர், தமிழ்நாட்டு நடிகர் நந்தாவையும் மதுமிதாவையும் வன்னிக்கே அழைத்துச் சென்று எடுக்கப்பட்ட படம். அங்குள்ள மக்களும் அதில் நடித்தார்கள். படம் தமிழ்நாட்டை விடப் புலம்பெயர் நாடுகளிலேயே அதிகம் பார்க்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் எறிகணை வீழ்ந்து சிதறவிருந்த பனைகளும் கிடுகு வீடுகளும் அதில் நிற்கின்றன. அவற்றின் முன்னால் நடந்துபோகும் மனிதர்களில் எத்தனை பேர் 2009 மே மாதத்தைக் கடந்தார்கள் என்று எண்ணாமல் அந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.