யாழ்ப்பாணக் கிணறுகளும் நமது சுகாதாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெயர் சொல்ல வழுக்கியாறு என ஒன்று உண்டு. அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். மலையும் இல்லை. இருந்தும் பல நூற்றாண்டுகளாக மக்கள் இங்கே நெருங்கிக் குடியிருந்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இதனைச் சாத்தியமாக்கியது கிணறு. ஆகவே குடாநாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றை எழுத முற்படுபவர் மருத்துவமனையிலிருந்து அல்ல, கிணற்றடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் நிலத்தின் தன்மையைப் பார்ப்போம். நமது காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் நிறைய உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை அவற்றின் வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயரத்தில் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலாளரின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் பல மடங்கு ஏறிவரும் என்பது அதன் மறுபக்கம்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. வளவைச் சுற்றி நாம் வேலி அடைக்கிறோம், வேலிக்காக வழக்காடுகிறோம். நிலத்தின் கீழே வேலி இல்லை. என் கிணற்றில் ஊறுவது அயலவரின் வளவிலும் தோட்டத்திலும் பெய்த மழையுந்தான். அங்கே மண்ணில் கொட்டப்பட்டதும் அதனோடு சேர்ந்தே வருகிறது. கிணறு தனியுடைமை, நீர் பொதுவுடைமை. குடாநாட்டில் இந்த உண்மை மறக்கப்பட்ட போதெல்லாம் மக்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த விலையை வாங்கியது கக்கல் கழிச்சல் என அழைக்கப்பட்ட வாந்திபேதி. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலமுறை அது குடாநாட்டைச் சூறையாடியது. தென்னிந்தியக் கரையிலிருந்து வரும் தோணிகளும் யாத்திரிகர்களுமே நோயைக் கொண்டு வருவதாக ஆங்கிலேய அதிகாரிகள் கருதினர். நோய் எங்கிருந்து வந்தது என்பதையே அவர்கள் தேடினர். வந்த நோய் எதன் வழியாகப் பரவியது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. 1854இல் இலண்டனின் புரோட் வீதியில் ஒரு நீர்க்குழாயைச் சுற்றியிருந்தோர் நூற்றுக்கணக்கில் மாண்டபோது, குடிநீரே காரணம் என ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் வாதிட்டு அந்தக் குழாயின் கைபிடியை அகற்றச் செய்தார். அங்கும் பலர் அவரை உடனே நம்பவில்லை. வாந்திபேதிக் கிருமியை ரொபேட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னது 1883–84ஆம் ஆண்டுகளில்.

அதற்கு வெகு முன்னரே, 1847இல், அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மாணவரை அவர் மேலைநாட்டு வைத்தியத்தில் பயிற்றினார்; 1860களில் தமிழிலேயே கற்பிக்கவும் தொடங்கினார். கற்றர் என்பவரின் ஆங்கில நூலைத் தழுவித் தமிழில் அவர் வெளியிட்ட நூலின் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். அங்காதிபாதம் உடலமைப்பு, சுகரணவாதம் உடற்றொழில், உற்பாலனம் என்பது நாம் இன்று சுகாதாரம் என்று சொல்வது. நோயைத் தீர்ப்பது மாத்திரமன்றி, நோய் வராமற் காப்பதும் வைத்தியத்தின் பகுதியே என்ற எண்ணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நமது மொழியில் அச்சேறிவிட்டது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். உற்பாலனம் என்ற சொல் வழக்கில் நிலைக்கவில்லை.

அந்த எண்ணம் எல்லோரையும் சென்றடையவும் நமது சமூகம் விடவில்லை. சொந்தக் கிணறு வைத்திருந்தோர் நல்ல நீர் குடித்தனர். பங்குக் கிணற்றில் பங்குள்ளோரும் குடித்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினரோ கிணற்றுக்கட்டை மிதிக்க இயலாது. உரிமைக்காரர் ஒருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நிற்க வேண்டும். ஊற்றுவார் இல்லாத நாளில் குளமும் துரவுமே கதி. கால்நடை இறங்கும் நீரைக் குடித்தவர் வீட்டில் பேதி புகுந்தால், அதை அவரது அழுக்கின் பலன் என்று பழித்தது ஊர். பொது இடங்களில் சாதியின் பெயரால் மறுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் தான் வந்தது. அதன் பின்னரும் கிணற்றுக்காகப் போராட வேண்டியிருந்தது. எழுத்தாளர் கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிட்டார். பேதிக்குச் சாதி தெரியாது என்பதால், நல்ல நீரை மறுத்தவர்களின் வீடுகளும் தப்பவில்லை.

அடுத்தது மலகூடத்தின் கதை. கிராமங்களில் பனங்காணியும் வெளியுமே நெடுங்காலம் மலகூடமாக இருந்தன. நகரத்தில் இருந்தவை வாளி மலகூடங்கள். அந்த வாளிகளைச் சுமந்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களே. தென்னிந்தியாவிலிருந்து இதற்கென்றே கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். பின்னர் நீரடைப்பு மலகூடங்கள் வந்தன. வாளி ஒழிந்தது, கொழுக்கிப்புழுவும் ஈயும் குறைந்தன. இது பெரும் முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் அந்த மலகூடத்தின் குழி சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்டது. காணிகள் சீதனமாகத் துண்டுபடத் துண்டுபட, கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. பார்வையிலிருந்து மறைந்த கழிவு, கிணற்றுக்குள் போகும் பாதையைத் தேடிக்கொண்டது.

தோட்ட நிலத்திலும் இதுவே நடந்தது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே நீருக்கு அளவு வைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த அளவு போயிற்று. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தார். கூடவே யூரியாவும் பெருகியது. 1980களில் வெளிவந்த ஆய்வுகள் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறியிருப்பதைக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். குழந்தை நீலம் பாரிக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பது நாம் பாட்டன் காலந்தொட்டுக் கேட்டுவரும் பாடம். வாந்திபேதிக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது இன்றும் சரியான பாடமே. ஆனால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கண்ணுக்குத் தெளிவாகவும் நாவுக்கு இனிதாகவும் இருக்கும் நீரே நல்ல நீர் என்ற நமது பழைய சோதனையும் இங்கே பயன்படாது.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த ஒரு மாசு சுன்னாகத்தில் வந்தது. கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடுகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக மாறின. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என 2019இல் தீர்ப்பானது. தீர்ப்பு வரலாற்று முக்கியத்துவம் உடையது. ஆயினும் காசு வந்தால் கிணறு திருந்திவிடாது. ஓரிடத்தில் ஊற்றிய எண்ணெய் எத்தனை வளவுகளுக்குப் போகும் என்பதைக் குடாநாடு அப்போது நேரில் கண்டது.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் முயற்சியும் எளிதாக அமையவில்லை. இரணைமடுவிலிருந்து நீர் எடுக்கும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதன்பின் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய காரியமே. ஆனால் குழாய் நீர் வந்ததும் கிணற்றை மறந்துவிடலாம் என எண்ணுவோமானால் அது பெருந்தவறாகும். பெரும்பாலான வீடுகளின் கழிவு இன்னும் குழிக்கே போகிறது. குழாயில் வரும் நீரும் பாவித்தபின் அதே நிலத்துக்குள்தான் இறங்கும்.

செய்ய வேண்டியவை புதியன அல்ல. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அடிமூடிய மலத்தொட்டி கட்டாயமாக வேண்டும். அதில் சேர்வதை எடுத்துச் சுத்திகரிக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்க வேண்டும். கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை ஊர்மக்கள் அறியச் செய்ய வேண்டும். உரத்துக்கு அளவு வேண்டும். மழைநீர் தேங்கி இறங்கும் குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவது நிற்க வேண்டும். இவற்றில் எதையும் ஒரு வீட்டுக்காரர் தனியே செய்து முடிக்க இயலாது. தன் கிணற்றுக்கு மட்டும் மூடி போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்ற எண்ணத்தை நாம் கைவிட்டால்தான், கிறீன் வைத்தியர் அன்று உற்பாலனம் என்று பெயரிட்டது இந்தக் குடாநாட்டில் நடைமுறைக்கு வரும்.