நெய்யிடம் விட்ட தீர்ப்பு

கருங்கல்லில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறிச் சுசீந்திரம் போகிறவர்கள், இசைத் தூண்களையும் 18 அடி அனுமாரையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் நீதி விசாரணையும் நடந்தது என்பதைப் பலர் அறியார்.

அதற்குக் ‘கைமுக்கு’ என்று பெயர். நம்பூதிரிப் பெண்ணொருத்தியின் ஒழுக்கத்தைப் பற்றி விசாரணை நடந்து, அதில் ஓர் ஆணின் பெயர் அடிபட்டால், தான் நிரபராதி என்று நிரூபிக்க அவன் இங்கே வரவேண்டும். கொதிக்கும் நெய்க்குள் கிடக்கும் சிறு உருவத்தை வெறுங்கையால் எடுக்கவேண்டும். கையைத் துணியால் கட்டிவைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, இல்லாவிட்டால் உத்தமன்.

அகலிகையிடம் தவறிய இந்திரன் இங்கே கொதிநெய்யில் மூழ்கிச் சுத்தமானான் என்பது தலபுராணம். ஊர்ப் பெயருக்கே அதுதான் காரணம் என்பார்கள். வேடிக்கையைப் பாருங்கள்! புராணத்தில் குற்றவாளியைப் புனிதனாக்கிய நெய், விசாரணையில் நிரபராதியையும் சுட்டது.

நெய் ஆள் பார்த்துச் சுடாது என்று அப்பளம் பொரிக்கும் எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். ஆகவே அறியாமையால்தான் அந்த வழக்கம் நிலைத்தது என்று நான் நம்பவில்லை. தீர்ப்புச் சொல்லவேண்டியவர்களுக்கு அது பெரிய வசதி. சாட்சியங்களை எடைபோட வேண்டாம். தவறிவிட்டோமோ என்று இரவில் விழித்திருக்க வேண்டாம். பாவமோ புண்ணியமோ, சட்டி பார்த்துக்கொள்ளும்! ஐரோப்பாவிலும் இப்படித்தான் இருந்தது. 1215-ல் லாத்தரன் சபை இத்தகைய சோதனைகளில் பாதிரிமார் கலந்துகொள்ளக் கூடாதென்று தடுத்தது. இங்கிலாந்தில் அதன்பின் ஜூரிமார்கள் தங்கள் வாயாலேயே ‘குற்றவாளி’ என்று சொல்ல வேண்டியதாயிற்று.

திருவிதாங்கூரில் கைமுக்கை ஒழித்தவர், 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள். கீர்த்தனங்களால் நாம் அறிந்த அதே மகாராஜாதான். 1837-ல் திருவனந்தபுரத்தில் வான ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியவரும் அவரே. பத்மநாபனிடம் அவருக்கிருந்த பக்தியைப் பற்றிச் சந்தேகிக்க இடமில்லை. கடவுளை நம்புகிறவனுக்கு அவரைச் சட்டியில் போட்டுச் சோதிக்க மனம் வராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நெய்ச் சட்டி போன பிறகும் ஒழுக்க விசாரணைகள் நிற்கவில்லை. 1905-ல் கொச்சி ராஜ்யத்தில் தாத்ரிக்குட்டி என்ற பெண்ணின் விசாரணையில் 60-க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் வெளிவந்தன. அவளைக் குறுக்கு விசாரணை செய்ய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அவள் ஒவ்வொருவருக்கும் அடையாளம் சொல்லச் சொல்ல, வாதாட வந்தவர்கள் வாயடைத்து நின்றார்களாம். அத்தனை பேரும் ஜாதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவளுந்தான்.