நான்கில் ஒருவர்: தாய்வான் பெண்களின் அரசியற் பயணம்

தென்னாசியாவில் ஆட்சித் தலைமைக்கு வந்த பெண்களுட் பலர் தந்தையினதோ கணவரினதோ பெயரைச் சுமந்தே வந்தனர். 2016 இல் தாய்வானின் ஜனாதிபதியாகத் தெரிவான சாய் இங்-வென் அப்படி வந்தவரல்லர். ஆனால் அவர் நடந்துவந்த பாதை தானாக உருவானதுமன்று.

தேர்தல்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்படவேண்டுமென்று 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பிலேயே (உறுப்புரை 134) எழுதப்பட்டிருந்தது. கோமிந்தாங்கின் ஒரு கட்சி ஆட்சியில் அதற்கிருந்த பெறுமதி சொற்பமே. 1979 டிசம்பரில் கவோசியுங் நகரில் எதிரணியினர் நடத்திய மனித உரிமைகள் தினப் பேரணியில் உரையாற்றிய பெண்ணியவாதி லூ சியூ-லியன் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். (2000 இல் அவரே உப ஜனாதிபதியானார்.) சிறைப்பட்டோர் சிலரின் மனைவியர் 1980 தேர்தலில் நின்று வென்றனர். அங்கும் கணவரின் பெயர்தான். ஆனால் அது சிறைக் கைதியின் பெயர்!

ஜனநாயக முற்போக்குக் கட்சியின் மகளிர் விவகாரப் பொறுப்பாளர் பெங் வான்-ரு, வேட்பாளர்களுள் நான்கில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டுமென வாதாடியவர். கட்சி மாநாட்டுக்காகக் கவோசியுங் சென்றிருந்த அவர், 1996 நவம்பர் 30 இரவு டாக்சியொன்றில் ஏறிய பின் காணாமற்போனார். மூன்று நாட்களில் சடலம் கிடைத்தது. கொலையாளி பிடிபடவேயில்லை.

அவர் கேட்ட விதியைக் கட்சி ஏற்றது. இழுபட்டுக்கொண்டிருந்த பாலியல் வன்முறைத் தடுப்புச் சட்டமும் சில வாரங்களில் நிறைவேறியது. 1999 இல் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் நான்கில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்தது. 2005 திருத்தம் கட்சிப் பட்டியல் ஆசனங்களில் பாதியைப் பெண்களுக்கு உறுதிசெய்தது. 2020 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். ஒதுக்கீடே இல்லாத தனித்தொகுதிகளிலும் அவர்களுட் பலர் வென்றிருந்தனர்.